இடுப்பொடிய உழைப்பவர்க்கு ஓய்வு எது?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

உழவரே நாட்டின் முதுகெலும்பு என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்த உழவரின் முதுகெலும்பைப் பற்றி என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? கடுமையாகப் பாடுபடுபவரை 'இடுப்பொடிய உழைக்கிறார்' என்று பாராட்டுகிறோம். இடுப்பு உண்மையிலேயே ஒடிந்தாற்போல் ஆகிவிட்டால் அவருக்கு என்ன வழி என்று கேட்பதில்லை. அதைக் கேட்கவே இச்சிறு கட்டுரை.

முதுகுவலி ஏழை பணக்காரர் பார்த்து வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் 61.9 கோடி மக்கள் கீழ்முதுகு வலியால் அவதியுற்றனர். ஆனால் வலி வந்த பின் நடப்பதில்தான் ஏழைக்கும் மற்றவர்க்கும் வேறுபாடு இருக்கிறது.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். குனிந்து நிற்கும் மனித உடல் ஒரு நெம்புகோல். கீழ்முதுகுத் தசைகள் முதுகெலும்பு மூட்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் பின்னாலிருந்து இழுக்கின்றன. 10 கிலோ எடையை அம்மூட்டுக்கு 50 சென்டிமீட்டர் முன்னால் பிடித்தால், அதைச் சமன்செய்யத் தசைகள் 100 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் இழுத்தாக வேண்டும். கையில் சுமையே இல்லாவிட்டாலும், குனிந்தவரின் தலையும் தோளும் மார்புமே சுமைதான். நடவு வயலில் ஒரு பெண் நாளெல்லாம் தாங்குவது நாற்று முடியை மட்டுமன்று. தன் உடலின் பாதியையும் தாங்குகிறாள்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். எங்கள் தெருவில் முதுகுவலிக்கு இரண்டே வைத்தியம். 'வேலை செய்தால் தானே சரியாகிவிடும்' என்பது ஒன்று. தாங்க முடியாமல் மருத்துவரிடம் போனால் கிடைப்பது மாத்திரையும், 'நன்றாக ஓய்வெடுங்கள்' என்ற ஒற்றை வரியும். அதைக் கேட்டுத் திரும்பிய என் தாயார், "படுத்துக்கிட்டா உலை எப்படிய்யா கொதிக்கும்?" என்றார். ஆகவே வலியோடு குனிவார். ஒருநாள் எழ முடியாமல் விழுவார். பத்து நாள் கூலி போகும். பிறகு பழைய கடனுக்காக முன்னிலும் கடுமையாகக் குனிவார்.

இந்த இரண்டு வைத்தியங்களும் தவறு என்கிறது அறிவியல். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 1995-இல் வெளியானது. திடீர் முதுகுவலி கண்டவர்களில் ஒரு பிரிவினரை இரண்டு நாள் படுக்கையில் இருக்கச் செய்தனர். ஒரு பிரிவினருக்கு முதுகுப் பயிற்சிகள் தந்தனர். மூன்றாம் பிரிவினரை வலி அனுமதிக்கும் அளவில் வழக்கமான வேலைகளைச் செய்யச் சொன்னனர். மூன்றாம் பிரிவினரே விரைவில் தேறினர். படுத்தே கிடந்தால் தசைகள் வலுவிழக்கின்றன. எழுந்த பின் அதே சுமையைத் தாங்க முடிவதில்லை.

'வலி அனுமதிக்கும் அளவில்' என்ற சொற்களைக் கவனியுங்கள். வலியை மீறிச் செய்வதும் அன்று. வலிக்கு அஞ்சி முடங்குவதும் அன்று. சிறிது வேலை, சிறிது ஓய்வு; குனிந்தால் நிமிர்வு, நின்றால் அமர்வு. வலி கூடும் முன்னரே நிறுத்தி, உடல் விறைக்கும் முன்னரே எழ வேண்டும். ஆனால் கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ, காய்ச்சலுடன் வலி வந்தாலோ, கீழே விழுந்த பின் வலித்தாலோ தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவ்வளவு எளிய மருந்தா என்று தோன்றும். எளிதுதான், நேரம் நம் கையில் இருந்தால்! அலுவலகத்தில் இருப்பவர் எழுந்து நடந்துவிட்டு வரலாம். வரப்பில் ஒருவர் நின்று கண்காணிக்க, வரிசையாக நடுகிற பெண்களில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து நின்றால் 'என்ன, வேடிக்கையா?' என்ற குரல் எழும். உழைப்பாளிக்கு ஓய்வின் அருமை தெரியாமலில்லை. ஓய்வைப் பங்கிட்டுக்கொள்ளும் உரிமைதான் இல்லை.

கடை ஊழியர்கள் அமர்வதற்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. நாளெல்லாம் நிற்பது கொடுமை என்று ஒப்புக்கொண்ட நாம், நாளெல்லாம் குனிவதும் கொடுமை என்று ஒப்புக்கொள்ள வேண்டாமா? மணிக்கு ஒருமுறை அனைவரும் சேர்ந்து சில நிமிடம் நிமிர்ந்தால் நடவு கெட்டுவிடாது. வரிசை நடவு செய்த வயலில், நின்றபடியே தள்ளும் கோனோ களைக்கருவி இருக்கிறது. அது ஊருக்கு நான்காவது இருந்தால் எத்தனை இடுப்புகள் பிழைக்கும்!

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத இடம் ஒன்றுண்டு. அது நம் வீடு. வயலில் குனிந்து வந்தவள் வீட்டிலும் குனிந்து பெருக்கி, குனிந்து துவைத்து, குடம் சுமக்கிறாள். மாணவ நண்பர்களே, பட்டம் பெற்றுத் தாயை உட்கார வைத்துச் சோறு போடுவோம் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்த நாள் வரும்போது அவளால் வலியின்றி உட்கார முடிய வேண்டாமா? இன்று மாலையே குடத்தை நாம் எடுப்போம். துடைப்பத்துக்கு நீளமான காம்பு கட்டுவோம்.

நாட்டின் முதுகெலும்பு என்று புகழ்ந்தது போதும். அது நிமிர்வதற்குச் சற்று நேரம் கொடுப்போம்.