கைப்பேசியும் பிள்ளைக் காம்பராவும்

"குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுக்காதீர்கள்!" என்னும் உபதேசம் இன்று மலையகப் பாடசாலைகளில் ஓயாது ஒலிக்கிறது. உபதேசிப்போர் நம்மைப் போன்ற ஆசிரியர்களே. கொழுந்து பறித்துக் களைத்து வந்த தாய்மாரைக் கூட்டிவைத்து நாம் நிகழ்த்தும் இப்பிரசங்கத்தில் பாதி உண்மை, மறுபாதி அநீதி.

உண்மை எது? ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே ஆகாது, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வரையறுத்தது. குழந்தை மழலையில் ஒரு சொல் உதிர்க்க, பெரியவர் மறுசொல் தர, அந்தக் கொடுக்கல் வாங்கலில் வளர்வதே மொழி. திரை பேசும், குழந்தை பேசுவதைக் கேட்டு விடையளிக்காது.

ஆனால் அதே ஏடு வேறொன்றும் கூறுகிறது. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தை நாள்தோறும் 180 நிமிடமேனும் ஓடியாட வேண்டும். பெரியவர் உடனிருந்து கதை சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்தை எடுத்துக்காட்டும் நாம், இந்த மூன்று மணி நேரத்தை ஏன் விழுங்கிவிடுகிறோம்? அதைச் சொன்னால், கேள்வி தாயை விட்டு நகர்ந்து தோட்ட நிர்வாகத்தின் வாசலில் போய் நிற்கும் என்பதனாலா?

பெற்றோர் கூட்டமொன்றில் நானும் இவ்வாறே முழங்கினேன். பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். "சரி டீச்சர், போன வாங்கி வச்சிர்றேன். நான் மலையிலருந்து வர்ற வரைக்கும் புள்ள எங்க நிக்கும்?" என்றார். என்னிடம் விடை இல்லை.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா; முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு; அதற்கப்பால் மழையும் வடிகானும். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும் என்ற அச்சத்தில் மலையில் நிற்கும் தாய், எந்த நேரத்தில் கதை சொல்வாள்? பிள்ளைக் காம்பரா பல தோட்டங்களில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' எனப் பெயர் மாறியிருக்கிறது. பெயர் மாறிய இடமெல்லாம் நிலை மாறிவிடவில்லை.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 2020இல் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் கைப்பேசியில் வரும் என்று அறிவித்தவர்கள் யார்? கடன்பட்டு அதை வாங்கிய வீடுகள் எத்தனை! அன்று கைப்பேசி இல்லாத வீட்டைக் கல்வியில் அக்கறையற்றது என்றோம். இன்று அது இருக்கும் வீட்டைப் பொறுப்பற்றது என்கிறோம்.

அப்படியானால் வறுமையின் பெயரால் திரையை மன்னித்துவிடலாமா? கூடாது! வசதி படைத்த வீட்டுக் குழந்தை திரையில் இழந்ததை நூலிலும் விளையாட்டுத் திடலிலும் ஓரளவு மீட்டுக்கொள்ளும். லயத்துக் குழந்தைக்கு அந்த வழியும் இல்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட காலத்திலும் நம் மக்களிடம் தாலாட்டும் கதையும் இருந்தன. சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் அதற்குச் சான்று. அந்தச் சொற்செல்வமும் பேரப்பிள்ளையைச் சென்றடையாது போகுமாயின், நட்டம் யாருக்கு?

எனவே ஆசிரியத் தோழர்களே, உபதேசத்தைக் குறைத்துச் செயலைக் கூட்டுவோம். ஒவ்வொரு பிள்ளைக் காம்பராவிலும் பயிற்சி பெற்ற ஆசிரியை, படப் புத்தகங்கள், ஓடியாட ஒரு சமதரை: இவை சம்பளக் கோரிக்கையோடு சேர்ந்தே தொழிற்சங்க மேடைகளில் ஒலிக்கட்டும். அதுவரை வாரத்தில் ஒரு மாலையேனும் நம் வகுப்பறைகளைச் சின்னஞ்சிறு குழந்தைகளுக்குத் திறந்து வைப்போம். லயத்துப் பாட்டிமாரை அழைத்துக் கதை சொல்லச் செய்வோம்.

பிள்ளை எங்கே நிற்கும் என்று அந்தத் தாய் கேட்டார். நிற்க ஓர் இடத்தைக் காட்டிவிட்டு, அதன்பின் கைப்பேசியை வாங்கி வைக்கச் சொல்வோம்.