காரில் பாட்டு, கையில் கணக்கு

பாட்டு வேண்டாம் என்று சொல்பவர் யார்?

கார் புறப்பட்டதும் பாட்டு வேண்டும். பாட்டு இருந்தால் வழியின் தூரம் தெரியாது. பின்னால் இருக்கும் பாட்டி தலையை ஆட்டுவார். பிள்ளைகள் சண்டை போடாமல் வருவார்கள். நல்ல ஆசைதான். ஆனால், அந்த ஆசைக்கு ஒரு கணக்கு இருக்கிறதா? அதுதான் கேள்வி.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். பழைய கார் ஒன்றை வாங்கினார்கள். காரோடு வந்த ஸ்டீரியோ கரகரத்தது. வீட்டுக்காரர் கடைக்குப் போனார். கடையில் ஒரு பெரிய வூபர் பெட்டியைப் போட்டுக் காட்டினார்கள். கடைக் கண்ணாடி அதிர்ந்தது. அவர் மயங்கிவிட்டார். மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. பெட்டி டிக்கியில் ஏறியது.

பொங்கலுக்குச் சொந்த ஊர் போனார்கள். திரும்பும்போது டிக்கியில் இடம் இல்லை. அரிசி மூட்டை பாட்டியின் காலடியில். துணிப் பை பிள்ளைகளின் மடியில்! "திம் திம்" என்று சத்தம் வந்தது. பாட்டின் சொல் மட்டும் விளங்கவில்லை. ஏன்? முன்கதவில் இருந்த ஸ்பீக்கர் கிழிந்து கிடந்தது. அதை யாருமே பார்க்கவில்லை!

நோய் ஓர் இடத்தில். மருந்து வேறோர் இடத்தில். இப்படித்தான் பலருடைய பணம் போகிறது. முதலில் குறை எது என்று கண்டுபிடியுங்கள். அதன் பிறகு பணப்பையைத் திறங்கள். இதுவே முதல் பாடம்.

காசில்லாத வைத்தியம்

காரை நிழலில் நிறுத்துங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போடுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேளுங்கள். ஸ்டீரியோவில் அதற்கு வசதி இருக்கிறது. ஒலியை இடது, வலது, முன், பின் என்று ஒரே பக்கம் தள்ளலாம். எந்த ஸ்பீக்கர் கரகரக்கிறது, எது ஊமையாக இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

கம்பி தளர்ந்திருக்கலாம். கதவின் பிளாஸ்டிக் பலகை ஆடலாம். தாழ்ந்த ஒலியை, அதாவது "பேஸ்" ஒலியை, யாராவது கடைசி வரை ஏற்றி வைத்திருக்கலாம். பாட்டின் பதிவே மட்டமாக இருக்கலாம். இவற்றைச் சரி செய்யக் காசு தேவை இல்லை. பாதிக் குறை இங்கேயே தீர்ந்தாலும் தீரும்.

"200 வாட்" மாயம்

கடையில் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "200 வாட்" என்று போட்டிருக்கும். நம்பி ஏமாறாதீர்கள்!

கார் ஓடும்போது அதன் மின்சாரம் சுமார் 14 வோல்ட். சாதாரண ஸ்டீரியோ, அந்த 14 வோல்ட்டைக் கொண்டு, ஒரு 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தரக்கூடியது ஏறக்குறைய 20 வாட்தான். நான்கு ஸ்பீக்கருக்கும் சேர்த்து 80 வாட். மீதி 120 வாட் எங்கே? அட்டையில் இருக்கிறது! ஒரு கணம் எட்டும் உச்சத்தைக் கூட்டி எழுதியிருப்பார்கள். "ஆர்.எம்.எஸ்." என்று குறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். அதுதான் உண்மையான உழைப்பு.

இன்னொரு செய்தி. வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற, ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும்.

ஸ்பீக்கர் அட்டையில் "சென்சிடிவிட்டி" என்று ஓர் எண் இருக்கும். ஒன்றில் 87, இன்னொன்றில் 90 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே முறையில் அளந்திருந்தால், 87 எண் ஸ்பீக்கர் 40 வாட்டில் தரும் சத்தத்தை 90 எண் ஸ்பீக்கர் 20 வாட்டிலேயே தந்துவிடும். இப்படிப்பட்ட ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால், ஆம்ப்ளிபயர் வாங்கும் செலவைத் தள்ளிப் போடலாம்.

பத்தாயிரம் ரூபாய்க் கணக்கு

கையில் 10,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எப்படிப் பிரிப்பது?

முன்கதவு ஸ்பீக்கர் இரண்டுக்கு 5,000. கதவுக்குள் ஒட்டும் அதிர்வு தடுக்கும் தகட்டுக்கு 2,000. கம்பி, கப்ளர், கூலிக்கு 1,500. மீதி 1,500 கையிருப்பு. வேலை நடக்கும்போது எதிர்பாராத செலவு ஒன்று வரும். அதற்குத்தான் இது.

முன்கதவுக்கு ஏன் முதல் இடம்? கச்சேரியில் பாடகர் நமக்கு முன்னால்தானே உட்காருகிறார்! பாட்டு முன்னால் இருந்து வந்தால்தான் சொல் தெளிவாகும். பின் ஸ்பீக்கர் துணைக்குத்தான்.

தகடு எதற்கு? ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி. மெல்லிய இரும்பு, உள்ளே பல ஓட்டைகள். ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி ஓட்டை வழியாக வந்து, முன்பக்கத்தின் தாழ்ந்த ஒலியை அழித்துவிடுகிறது. தகடு ஒட்டி ஓட்டையை மூடினால் அதே ஸ்பீக்கர் கம்பீரமாகப் பேசும். ஆனால், கதவின் அடியில் மழைநீர் வடியும் துளையை மட்டும் மூடாதீர்கள். மூடினால் கதவு துருப்பிடிக்கும்.

வாங்கும் முன் கதவின் துளையையும் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஸ்பீக்கரின் காந்தம் பெரிதாக இருந்தால், கண்ணாடியை இறக்கும்போது அதில் இடிக்கும்.

ஆம்ப்ளிபயர்? அடுத்த ஆண்டு பார்க்கலாம். வூபர்? அதற்கும் பிறகு. மூன்று மாதம் கேட்டுப் பாருங்கள். "இதுவே போதும்" என்று மனம் சொன்னாலும் சொல்லும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

கம்பியில் கஞ்சத்தனம் வேண்டாம்

பல இடங்களில் சிக்கனம் நல்லது. ஓர் இடத்தில் மட்டும் கூடாது. அது கம்பி!

ஆம்ப்ளிபயர் வைத்தால், பேட்டரியில் இருந்து தடித்த கம்பி ஒன்று நேராக வரும். இரும்புத் துளையின் விளிம்பில் உராய்ந்து அதன் உறை கிழிந்தால் பொறி பறக்கும், கார் எரியும். துளையில் ரப்பர் வளையம் வேண்டும். பேட்டரிக்கு மிக அருகில், 45 சென்டிமீட்டருக்குள், பியூஸ் வேண்டும். பியூஸ் இல்லாத வேலைக்குக் கூலி கொடுக்காதீர்கள்.

மலிவுக் கம்பி சிலவற்றில் மேலே செம்பு, உள்ளே அலுமினியம். கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். செம்புக் கம்பியே வாங்குங்கள். காரோடு வந்த கம்பிகளை வெட்டவும் விடாதீர்கள். கப்ளர் போட்டு இணைத்தால், நாளைக்குப் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் பாட்டுக் கேட்பதும் தவறு. சிறிய காரின் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி. ஆம்ப்ளிபயர் 10 ஆம்பியர் இழுத்தால், மூன்றரை மணி நேரத்தில் எல்லாம் காலி. அதற்கு வெகு முன்பே கார் கிளம்ப மறுத்துவிடும்.

காதுக்கு உதிரிப் பாகம் இல்லை

சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனால் பழைய காரின் எந்த உதிரிப் பாகமும் கிடைக்கும். காது கிடைக்குமா?

உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவு சொல்கிறது. 80 டெசிபல் ஒலியைப் பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். குழந்தைகளுக்கு அளவு இன்னும் குறைவு, 75 டெசிபல். டிக்கியில் இருக்கும் பெரிய பெட்டிக்கு மிக அருகில் உட்காருவது யார்? பின் இருக்கையில் இருக்கும் நம் குழந்தைதான்!

பின்னால் ஆம்புலன்ஸ் அலறினால் அதுவும் கேட்க வேண்டும். அதில் யாருடைய உயிர் போராடுகிறதோ! அந்த ஒலியை மறைக்கும் பாட்டு, பாட்டே அல்ல.

ஆகவே, பாட்டுக் கேளுங்கள். நன்றாகக் கேளுங்கள். ஆனால் ஒரு தாளை எடுத்து, கையில் இருக்கும் பணத்தை முதலில் எழுதுங்கள். குறையை இரண்டாவதாக எழுதுங்கள். பொருளின் பெயரைக் கடைசியாக எழுதுங்கள். கடன் என்ற சொல் அந்தத் தாளில் வரவே வேண்டாம்.

பாட்டு காரில் ஒலிக்கட்டும். வளையல் கையிலேயே ஒலிக்கட்டும்!