கர்சரின் முனை எங்கே இருக்கிறது?

படிமங்களின் மேல் மௌசால் சொடுக்கித் தரவு சேர்க்கும் மொழியியல் ஆய்வுகள் பெருகிவிட்டன. நான் படித்தவற்றில் வருடியின் தெளிவளவு உண்டு, மென்பொருளின் பதிப்பெண் உண்டு. எந்தக் கர்சரால் சுட்டினார்கள் என்ற செய்தி ஒன்றில்கூட இல்லை. அதுவும் முறையியலின் ஒரு பகுதி என்பதே என் கருத்து. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பருவத்து உழைப்பு வீணானது.

கல்வெட்டுகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை என்பது அனைவரும் அறிந்ததே. இடப்பட்டதாகத் தோன்றும் இடங்களில் அது உளியின் குறியா, கல்லின் பொரிவா என்பதுதான் சிக்கல். மைப்படியை வருடிய படிமத்தில் ஒரு புள்ளி சில பிக்சல்களே இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் சொடுக்கி அதன் இடத்தைப் பதிவு செய்ய, பைத்தானில் பைகேம் நூலகத்தைக் கொண்டு சிறு நிரல் ஒன்று எழுதினேன்.

முதலில் கணினி தந்த மெல்லிய குறுக்குக்கோட்டையே பயன்படுத்தினேன். தேய்ந்த கல்லின் படிகளுக்கு வந்ததும் கர்சர் கண்ணுக்குப் படாமல் மறைந்தது. காரணம் எளிது. அக்கோட்டுக்குத் தனி நிறம் இல்லை. தன் கீழே உள்ளதைத் தலைகீழாக்கிக் காட்டும் வகை அது. கருப்பின் மேல் வெள்ளையாகவும் வெள்ளையின் மேல் கருப்பாகவும் தெரியும். 0 முதல் 255 வரையிலான சாம்பல் அளவில் 128-ஐத் தலைகீழாக்கினால் 127 வரும். அந்த வேறுபாட்டை எந்தக் கண்ணும் காணாது. தேய்ந்த கல்வெட்டின் மைப்படியோ பெரும்பகுதி நடுச்சாம்பல்தான்.

ஆகவே சொந்தமாக ஒன்று வரைந்தேன். பழைய ஒருநிறக் கர்சர் ஒவ்வொரு பிக்சலுக்கும் இரண்டு பிட்டுகளால் ஆனது. முதல் பிட் 1 எனில் திரையில் உள்ளது அப்படியே நிற்கும். 0 எனில் அழியும். இரண்டாம் பிட் 1 எனில் எஞ்சியது தலைகீழாகும். இவ்விரண்டின் சேர்க்கையால் 0, 0 கருப்பு. 0, 1 வெள்ளை. 1, 0 ஒளிபுகும் வெளி. 1, 1 பின்னணியின் தலைகீழ். தனித்து நின்ற பிட்டுக்குப் பொருளில்லை, இணையின் வேறுபாட்டில்தான் பொருள் பிறக்கிறது என்பது மொழியியல் மாணவருக்குப் புதிய பாடமா என்ன? பைகேமில் இந்தப் பிட்டுகளைக் கையால் எழுதவும் வேண்டாம். கருப்புக்கு எக்ஸ், வெள்ளைக்குப் புள்ளி, ஒளிபுகும் இடத்துக்கு வெற்றிடம் எனச் சரங்களாகத் தட்டினால், கம்பைல் என்னும் செயற்கூறு அவற்றைப் பிட்டுகளாக்கித் தரும். அகலம் எட்டின் மடங்காக இருக்க வேண்டும். வெள்ளை விளிம்பிட்ட கருங்குறுக்கு ஒன்றை 24 வரிகளில் கோலம் போடுவதுபோல் தட்டினேன். எந்தச் சாம்பலிலும் தெளிவாகத் தெரிந்தது.

அங்கேதான் பிழை செய்தேன். கர்சர் என்பது 576 பிக்சல்கள் கொண்ட படம்; ஆனால் சொடுக்கும்போது கணினி கணக்கில் கொள்வது அவற்றுள் ஒன்றையே. ஹாட்ஸ்பாட் எனப்படும் அந்தப் பிக்சல் எது என்பதை நிரல் எழுதுபவர்தான் சொல்ல வேண்டும். விண்டோஸில் ஐகான் கோப்பையும் கர்சர் கோப்பையும் பிரிப்பது ஒரு வகை எண்ணும் இந்த முனையின் இரு ஆயங்களுமே. ஐகான் காட்டும், கர்சர் சுட்டும். மௌசுக்குச் சுட்டி என்று தமிழ்ப்பெயர் இட்டவர் இலக்கணம் அறிந்தவராக இருக்க வேண்டும்.

நான் வேறொரு மாதிரி நிரலிலிருந்து 0, 0 என்ற முனையை அப்படியே படியெடுத்திருந்தேன். அம்புக்குறிக்கு அது சரி. அதன் நுனி இடது மேல் மூலையில் இருக்கிறது. என் குறுக்கின் நடு இருந்ததோ 11, 11 இல். கண் புள்ளியின் மேல் நடுவை வைத்தது. கணினி பதினொரு பிக்சல் இடமும் மேலுமாகத் தள்ளிக் குறித்தது. எல்லாக் குறிகளோடும் பதினொன்றைக் கூட்டிவிட்டால் தீர்ந்தது என்றுதான் நானும் எண்ணினேன். ஆனால் கர்சரின் அளவு திரையைச் சார்ந்தது, படிமத்தின் உருப்பெருக்கத்தை அன்று. நான்கு மடங்கு பெருக்கிப் பார்த்தபோது பிழை மூன்று பிக்சலுக்கும் குறைவு. பெருக்காதபோது பதினொன்று முழுதும், அதாவது சில இடங்களில் அடுத்த எழுத்தின் மேலேயே. எந்தக் குறியை எந்தப் பெருக்கத்தில் இட்டேன் என்பதை நிரல் பதிந்து வைக்கவில்லை. அனைத்தையும் விட்டுவிட்டு மீண்டும் தொடங்கினேன்.

இவையெல்லாம் நிரலாளர் வேலை, நமக்கெதற்கு என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். ஒலியியல் கற்பவர் ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்பதையும் கற்கிறார். அதைத் தச்சர் வேலை என்று யாரும் சொல்வதில்லை. இலக்கமுறைப் பயிலரங்குகளில் பெரிய மென்பொருள்களின் பொத்தான்களை வரிசையாகக் காட்டுவதற்கு ஒதுக்கும் நாளில் ஒரு மணி நேரத்தை இந்த 24 வரிகளுக்குத் தரலாம்.

என் முறையியல் இயலில் இப்போது மூன்று வரிகள் சேர்ந்துள்ளன: கர்சரின் அளவு 24 × 24, முனை 11, 11; ஒவ்வொரு குறியோடும் உருப்பெருக்கமும் பதியப்பட்டுள்ளது. இவற்றை அடிக்குறிப்புக்கு இறக்கிவிடலாம் என்கிறார் நெறியாளர். இன்னும் இறக்கவில்லை.