30 கிலோ கூடாரம், உறைந்த ஏரி, ஒற்றை ஆள்... இழுப்பது எப்படி?

உறைந்துபோன ஏரியில் துளை போட்டு, பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கும் ரீல்ஸ் உங்கள் மொபைலிலும் வந்திருக்கும். மீன் மாட்டியதும் வீடியோ முடிந்துவிடும். அந்த மனிதர் அவ்வளவு சாமானோடு ஏரி நடுவே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதைத்தான் யாரும் காட்டுவதில்லை.

அமெரிக்காவின் மின்னசோட்டாவை எடுத்துக்கொள்வோம். வண்டி நம்பர் பிளேட்டிலேயே '10,000 ஏரிகள்' என்று போட்டுக்கொள்ளும் மாநிலம். ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி எல்லாம் அங்கே சகஜம். காற்றும் சேர்ந்தால் கூடாரமில்லாமல் உட்கார முடியாது. டேவ் கென்ஸ் என்ற உள்ளூர் மீன்பிடிப்பாளர் 1980-களில் பிரபலமாக்கிய கூடாரம் இதற்கு வசதி. அடியில் பிளாஸ்டிக் சறுக்குத் தொட்டி, அதிலேயே சீட். சைக்கிள் ரிக்‌ஷாவின் டாப்பை இழுத்து மூடுவதுபோல துணியைத் தலைக்கு மேல் கவிழ்த்தால் கூடாரம் ரெடி!

சிக்கல், எடைதான். ஒருவர் உட்காரும் கூடாரமே சுமார் 30 கிலோ வரும். பனியைத் துளைக்கும் கருவி, ஹீட்டர், கேஸ், பேட்டரி எல்லாம் தனி.

'ஸ்னோமொபைலில் கட்டி இழுத்தால் போச்சு' என்கிறீர்களா? ஆள் நடக்கவே புதிய, தெளிவான பனிக்கட்டி 4 அங்குலம் இருக்க வேண்டும், ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7 அங்குலம் என்கிறது மாநில இயற்கை வளத் துறை. வெண்மையான பனிக்கட்டி என்றால் இரண்டு மடங்கு. ஆக, சீசன் தொடக்கத்தில் மனிதர்தான் மாடு!

இழுவையைக் குறைக்க அங்கே பலரும் செய்வது, பழைய பனிச்சறுக்குக் கட்டைகள் இரண்டை வாங்கி, மேலே மரச்சட்டம் அடித்து, தொட்டியை அதன்மேல் ஏற்றிவிடுவது. அகலமான அடிப்பாகம் முழுவதும் தரையில் உரசுவதற்குப் பதில் இரண்டு பட்டைகள் மட்டுமே உரசும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பனியின் பாரத்தால் ஏரியின் மேல்தகடு அழுந்தும்போது, விரிசல் வழியே தண்ணீர் மேலேறி, பனியோடு கலந்து கூழாகிவிடும். தொட்டி அதில் பத்து நிமிடம் நின்றால் அடியில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். கட்டைகள் அதை உயர்த்தி வைக்கும். ஆனால், முழங்கால் ஆழப் புதுப்பனியில் கட்டைகள் புதையும். அங்கே வெறும் தொட்டியே தேவலை.

கடும் குளிரில் பனி இன்னும் நன்றாக வழுக்கும் என்று நினைப்போம். நேர்மாறு! மைனஸ் 30-ல் அது கடற்கரை மணலில் சைக்கிள் தள்ளுவதுபோல இருக்கும். அப்போது எடையைக் குறைப்பதுதான் வழி. ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம் வைத்தால் அந்த எடை பாதியாகும். அதற்குக் காசு செலவாகும். தேவையில்லாத தூண்டில்களை வீட்டில் விட்டுப்போக ஒரு பைசா ஆகாது.

கையால் இழுத்தால் தோள் போய்விடும். அதனால் இடுப்பில் பெல்ட் போட்டு இழுக்கிறார்கள். பெல்ட் நல்லதுதான், ஆனால் கயிற்றை இடுப்பில் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. பனி உடைந்து தண்ணீரில் விழுந்தால் ஒரே இழுப்பில் கழன்றுவிடும் கொக்கி அவசியம். கழுத்தில் இரண்டு கூர்முனைக் கைப்பிடிகளும் தொங்க வேண்டும். பனியில் குத்திப் பிடித்து மேலேற அவைதான் துணை. கரைச் சரிவில் இறங்கும்போது தொட்டி பின்னால் வந்து குதிகாலில் இடிக்காமலிருக்க, கயிற்றை பிவிசி குழாய்க்குள் விட்டு விறைப்பாக்குகிறார்கள்.

கனமான கோட்டைப் போட்டுக்கொண்டு இழுப்பதும் வம்பு. வியர்வையில் நனைந்த உடையோடு பின்னர் அசையாமல் உட்கார்ந்தால் குளிர் எலும்பு வரை போகும். கோட்டைத் தொட்டியில் வைத்துவிட்டு மெதுவாக நடப்பதே சரி. கடுங்குளிரில் திடீர் பளு இதயத்துக்கு ஆகாது. பனி அள்ளுபவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் அதே எச்சரிக்கைதான்.

திரும்பும்போது கூடாரத் துணியில் உறைந்திருக்கும் பனியைத் தட்டிவிட்டு மடக்குங்கள். ஒட்டியிருப்பதே சில கிலோ வரலாம். வீட்டுக்குப் போனதும் விரித்துக் காயவைக்காவிட்டால், அடுத்த வாரம் பூஞ்சை வாடைதான்!