தொடறவங்க தொடட்டும், மாத்திரையில கை வைக்க வேண்டாம்

முதல்லயே சொல்லிடறேன், அக்குபஞ்சர் ஊசி மேல எனக்குக் கோபம் இல்லைங்க. நாள் முழுக்கக் குனிஞ்சு களை எடுக்கறவங்களுக்கு முதுகும் முழங்காலும் படுத்தற பாடு எனக்கும் தெரியும். நாள்பட்ட முதுகுவலி, மூட்டுவலிக்கு அதுல ஓரளவு நிவாரணம் கிடைக்குதுன்னு ஆய்வுகளும் சொல்லுது. போறவங்க தாராளமா போகட்டும்.

என் கோபமெல்லாம் ஒரே ஒரு பேச்சு மேலதான்: "இன்னையிலிருந்து எல்லா மாத்திரையையும் நிறுத்திடுங்க."

நம்ம அடிவாரத்துப் பக்கம் இந்தப் பேச்சு இப்ப அதிகமா கேட்குது. பல இடத்துல ஊசிகூடக் கிடையாது, விரலால ஒரு புள்ளியைத் தொடறதோட சரி. காய்ச்சல் வந்தா 'கழிவு வெளியேறுது'ங்கறாங்க. சர்க்கரை ஏறினா 'உடம்பு தன்னைத்தானே சரி பண்ணிக்குது'ங்கறாங்க. எது நடந்தாலும் அவங்க சொன்னதுதான் சரி. பயிர் கருகினதைப் பார்த்துட்டு உரக்கடைக்காரர் 'மண்ணு கழிவை வெளியேத்துது'ன்னு சொன்னா நாம சும்மா விடுவோமா?

என் காட்டுக்குப் பக்கத்துல மாந்தோப்பு வெச்சிருக்கற அண்ணன் ஒருத்தர் அப்படித்தான் சர்க்கரை மாத்திரையை விட்டார். மூணாம் மாசம் கால்ல முள் குத்தின புண் ஆறவே இல்லை. கடைசியில ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் எட்டிக்கூடப் பார்க்கலை.

'சீனாவோட பழைய வைத்தியம்'னு பெருமையா சொல்றாங்க. சரி, அந்தச் சீனாவையே பார்ப்போம். 1960-களின் கடைசியில அங்கே கிராமத்து விவசாயிகளுக்கே சில மாசம் பயிற்சி கொடுத்து 'வெறுங்கால் டாக்டர்'னு ஊர் ஊரா வெச்சாங்க. அவங்க பையில அக்குபஞ்சர் ஊசியும் இருந்தது, இங்கிலீஷ் மருந்தும் இருந்தது. தடுப்பூசி போட்டாங்க. தங்களால முடியாத நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. பிறந்த ஊர்ல மாத்திரையோட ஒண்ணா இருந்த ஊசி, சேலத்துக்கு வந்ததும் ஏன் சண்டை போடுது?

2019-ல மத்திய அரசு அக்குபஞ்சரைத் தனி முறையா அங்கீகரிச்சதைச் சிலர் காட்டறாங்க. டாக்டர் எழுதின மாத்திரையைப் பிடுங்கிப் போடறதுக்கா அந்த அங்கீகாரம்?

சனங்க ஏன் அங்கே போறாங்கன்னும் தெரியும். ஆஸ்பத்திரியில அரை நாள் வரிசையில நின்னாலும் ரெண்டு நிமிஷம் முகம் பார்த்துப் பேச ஆள் இல்லை. இங்கே கையைப் பிடிச்சு நாடி பார்த்து, சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரிக்கறாங்க. டாக்டர்மாருங்க இதைக் கத்துக்கணும். ஆனா ஆறுதல் பேச்சு சர்க்கரையைக் குறைக்காதுங்க. 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்'னு வீடு தேடி வர்ற மாத்திரை, பல வீட்ல பிரிக்காமலே கிடக்குது.

அடுத்த தடவை யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னா ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "அதை ஒரு சீட்டுல எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

எழுதித் தர்ற ஒருத்தரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.