அத்தையின் நெஞ்சுக்கு ஒரு ஸ்கேன்

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் என் மாமியாருக்கு வந்த சளிக்காய்ச்சல், நிமோனியாவில் கொண்டுபோய் விட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, வென்டிலேட்டரும் வைத்தார்கள். மறுநாள் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த என் நாத்தனார் பதறிக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, அம்மா நெஞ்சிலே பசை மாதிரி எதையோ தடவி ஸ்கேன் பண்றாங்க! அது வயித்துப் பிள்ளையைப் பார்க்கிற மெஷினாச்சே? பில்லை ஏத்தறதுக்குத்தானே இதெல்லாம்?"

எனக்கும் அந்தச் சந்தேகம்தான். வெளியே வந்த டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன். வயதில் சின்னவர்தான், முகம் சுளிக்காமல் விளக்கினார். நாளைக்கு உங்களில் யாராவது அந்தக் கதவுக்கு வெளியே நிற்க நேர்ந்தால் உதவுமே என்று எழுதுகிறேன்.

அல்ட்ராசவுண்ட் என்பது நம் காதுக்குக் கேட்காத ஒலி அலை. அது காற்றைத் தாண்டிப் போகாது. நல்ல நுரையீரல் முழுக்கக் காற்று. அதனால் மேல் உறை மட்டும் பளிச்சென்று ஒரு கோடாகத் தெரிந்து, மூச்சோடு அசையும். 'நுரையீரலுக்கு இந்த ஸ்கேன் உதவாது' என்றுதான் வெகுகாலம் டாக்டர்களே நினைத்திருந்தார்களாம்.

ஆனால் நிமோனியாவில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீரும் சளியும் சேர்ந்துவிடுகின்றன. காய்ந்த பஞ்சு நனைந்த மாதிரி. அப்போது மேலிருந்து கீழாக டார்ச் வெளிச்சம் போல வெள்ளைக் கோடுகள் விழும். இன்னும் முற்றினால் அந்தப் பகுதி திரையில் கல்லீரல் மாதிரியே கெட்டியாகத் தெரியும். இந்த அடையாளங்களை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர் பிரான்ஸ் நாட்டு டாக்டர் டேனியல் லிக்டென்ஸ்டைன். திடீர் மூச்சுத் திணறலுக்குக் காரணம் கண்டுபிடிக்க, 2008-ல் 'ப்ளூ' என்ற முறையை வெளியிட்டார்.

சரி, தினமும் எதற்கு? நெஞ்சில் பக்கத்துக்கு ஆறாக மொத்தம் 12 இடங்களில் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். நம் பிள்ளைகளின் மார்க் மாதிரி அல்ல. இங்கே 0 என்றால் நல்லது, மொத்தம் 36 என்றால் மிக மோசம். நேற்றைய மார்க்கோடு இன்றையதை ஒப்பிட்டால், மருந்து வேலை செய்கிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும். 2010-ல் பிரான்ஸ் டாக்டர்கள், வென்டிலேட்டரில் இருந்த நிமோனியா நோயாளிகளின் முன்னேற்றத்தை இப்படிக் கணக்கிட்டார்கள், அது சி.டி. ஸ்கேன் காட்டிய மாற்றத்தோடு ஒத்துப்போனது.

அத்தைக்கு மூன்றாம் நாள் மார்க் 17-லிருந்து 21 ஆக ஏறிவிட்டது. காய்ச்சலும் தணியவில்லை. சளிப் பரிசோதனை முடிவையும் சேர்த்துப் பார்த்து மருந்தை மாற்றினார்கள். ஆறாம் நாள் 12-க்கு இறங்கியது. ஆனால் அன்று எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சு வெள்ளையாகவே இருந்தது! "அப்படியே இருக்கே அண்ணி, வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம்" என்று நாத்தனார் ஒரே அழுகை. என் வீட்டுக்காரரும் ஆம்புலன்சுக்குப் போன் போடக் கிளம்பிவிட்டார்.

டாக்டரம்மா தடுத்தார். "நிமோனியா குணமாக ஆரம்பித்த பிறகும் எக்ஸ்ரே தெளிய வாரக்கணக்கில் ஆகலாம். வயதானவர்களுக்கு இன்னும் தாமதம். ஆக்சிஜன் தேவை குறைந்திருக்கிறது, காய்ச்சல் இறங்கியிருக்கிறது, ஸ்கேனும் அதையே சொல்கிறது. இந்த நேரத்தில் வென்டிலேட்டரோடு தூக்கிக்கொண்டு போவதில்தான் ஆபத்து அதிகம்" என்றார். பொறுத்தோம். பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். ஸ்கேனா அத்தையைப் பிழைக்க வைத்தது? இல்லை, மருந்தும் டாக்டர்களும் நர்சுகளும்தான். ஆனால் அவசரப்பட்டு நாங்கள் செய்ய இருந்த தப்பைத் தடுத்ததில் அதற்கும் பங்குண்டு.

இதற்கும் குறைகள் உண்டு. நுரையீரலின் உறையைத் தொடாமல் உள்ளே ஆழத்தில் இருக்கும் சளிக்கட்டு தெரியாது. கட்டுப் போட்ட இடத்தில் பார்க்க முடியாது. இருதயக் கோளாறால் நீர் கோத்தாலும் அதே வெள்ளைக் கோடுகள் வரும். பழகிய கை வேண்டும். அதனால் எக்ஸ்ரேயோ சி.டி.யோ வேண்டாம் என்று நாமாகச் சொல்லிவிடக் கூடாது.

நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்:

* இதில் கதிர்வீச்சு இல்லை. வலியும் இல்லை. படுக்கையிலிருந்து நோயாளியை நகர்த்த வேண்டியதில்லை. பசை மட்டும் கொஞ்சம் சில்லென்று இருக்கும். நினைவோடு இருப்பவரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

* "எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நேற்றைக்கு இன்று எப்படி? ஸ்கேன், ஆக்சிஜன், காய்ச்சல் மூன்றும் ஒரே திசையில் போகிறதா?" என்று கேளுங்கள். பதில் தெளிவாகக் கிடைக்கும்.

* ஒரே மெஷின் பல படுக்கைகளுக்குப் போகும். ஒவ்வொருவருக்கும் துடைத்துச் சுத்தம் செய்கிறார்களா என்று பணிவாகக் கேட்கலாம், தப்பே இல்லை.

அத்தை இப்போது சௌக்கியம். நேற்றுக்கூட ரசத்தில் உப்பு போதவில்லை என்று ஒரு குட்டு வைத்தார். வாங்கிக்கொண்டேன், சந்தோஷமாக!