தீவில் ஒரு கைவினைக் கடை: பேரேடு யார் வசம்?

சுந்தரவனத் தீவுகளின் வாழ்வாதாரம் குறித்த ஆய்வேடுகள் பலவற்றின் இறுதி இயல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. புயல், உவர்நீர், புலம்பெயர்வு ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்தபின், பெண்களின் கைவினைப் பொருள்களுக்குச் சந்தை வாய்ப்பு உருவாக்கப்பட வேண்டும் என்ற பரிந்துரையோடு அவை முடிகின்றன. அப்பரிந்துரை நடைமுறைக்கு வரும்போது, பெரும்பாலும் படகுத்துறை அருகே ஒரு சிறு கடையாக உருவெடுக்கிறது. ஓரிரு பருவங்களில் அந்தக் கடை மூடப்பட்டால் குறை கைவினைஞரின் தரத்தின்மீதோ, வாங்குவோரின் அலட்சியத்தின்மீதோ சுமத்தப்படுகிறது. கடையின் அமைப்பே பிழையாக இருந்திருக்கலாம் என்பது அரிதாகவே பேசப்படுகிறது.

கைவினைக் கடை என்பது பொருள் விற்கும் இடம் மட்டுமன்று. கணக்கு எழுதும் இடமும் ஆகும். விலையை யார் தீர்மானிக்கிறார், செய்தவர் கைக்குப் பணம் எப்போது வருகிறது, பேரேடு யார் வசம் இருக்கிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் தீவுக்குள்ளேயே விடை இருக்க வேண்டும். இல்லையெனில் அந்தக் கடை தீவில் நின்றாலும் தீவினுடைய கடை ஆகாது.

இதை விளங்கிக்கொள்ளக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் நல்ல தொடக்கம். ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய இப்பகுதியில், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் அலுவலகப் பணிகளுக்காக வந்த தமிழர் குடும்பங்கள் பரவலாகக் குடியேறின. பழைய சந்தைக் கட்டடம் இருந்த இடத்தில் இன்று லேக் மால் நிற்கிறது. எனினும் வாழையிலை, கறிவேப்பிலை, தொடுத்த பூ, காப்பித்தூள், அப்பளம் ஆகியவற்றை நாடி வருவோர் இன்னும் இப்பகுதிக்கே வருகின்றனர். இந்தக் கடைகளை நிலைநிறுத்தியது தீபாவளி, பொங்கல் கூட்டம் அன்று. வாரந்தோறும் திரும்பி வரும் இல்லத் தேவை. ஒரு சமூகத்தின் அன்றாடத்தோடு பிணைந்த கடை நிலைக்கும், அதன் கொண்டாட்டத்தை மட்டும் நம்பிய கடை நிலைக்காது என்பதற்கு லேக் மார்க்கெட்டே சான்று.

இப்பகுதிக்கு அருகிலுள்ள பாலிகஞ்ச் நிலையத்திலிருந்து கேனிங் செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறினால், சுந்தரவனத்தின் வாயிலை அடையலாம். கேனிங்கிலிருந்து சாலை வழியாகக் கோட்காளி. அங்கிருந்து படகில் ஆற்றைக் கடந்தால் கோசாபா தீவு. அதே வண்டியில் விடியற்காலையில் எதிர்த்திசையில் வரும் பெண்களே தென் கொல்கத்தாவின் பல இல்லங்களில் சமையலும் துப்புரவும் செய்கின்றனர். 2009 மே 25 அன்று வீசிய ஐலா புயலில் மண் அணைகள் உடைந்து வயல்களில் உவர்நீர் புகுந்த பின்னர், தீவுகளின் ஆண்கள் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கூலி வேலை தேடிச் செல்வது பெருகியது. ஒரு காலத்தில் தமிழர் கல்கத்தாவுக்கு வந்தனர். இன்று சுந்தரவனத்தார் தமிழகம் செல்கின்றனர். அவ்வாறு செல்லாமல் ஊரிலேயே வாழ்வதற்கு ஒரு கைவினைக் கடை எந்த அளவுக்குத் துணை நிற்கும் என்பதே இங்குள்ள உண்மையான கேள்வி.

படகுத்துறைக் கடை இக்கேள்விக்கு விடையளிக்க இயலாது. சுந்தரவனத்துக்குப் பயணிகள் பெரும்பாலும் குளிர்கால மாதங்களிலேயே வருகின்றனர். கோடையும் மழைக்காலமும் வெறுமையாகக் கழிகின்றன. வருவோரும் சில மணி நேரமே கரையில் நிற்பர். மண்ணால் செய்த புலிமுகம் ஒன்றையோ தேன்புட்டி ஒன்றையோ வாங்கிக்கொண்டு படகேறுவர். இத்தகைய கடைகளில் பொருளை வைத்துவிட்டுச் சென்று, விற்ற பின்னர் பணம் பெற்றுக்கொள்ளும் முறையும் பழக்கத்தில் உண்டு. அம்முறையில் கடையின் முதலீட்டு இடரை உண்மையில் சுமப்பவர் பொருளைச் செய்த பெண்தான். நூலும் துணியும் அவருடைய செலவு. ஆறு மாதக் காத்திருப்பும் அவருடையது. கூடத்தில் பாதி வறுமையை வைத்துக்கொண்டு ஆறு மாதம் காத்திருக்க இயலாதவர், அடுத்த பருவத்தில் ஊசியை வைத்துவிட்டுக் கேனிங் வண்டி ஏறுவார்.

கோசாபாவிலேயே இதற்கு மாறான ஒரு வரலாறு உண்டு. மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்காட்லாந்து வணிகர் டேனியல் ஹாமில்டன், 1903இல் கோசாபா, ராங்காபேலியா, சாத்ஜேலியா பகுதிகளில் ஏறத்தாழ 9,000 ஏக்கர் நிலத்தைப் பெற்றுக் குடியேற்றம் தொடங்கினார். வட்டிக்கடைக்காரருக்கு அங்கு இடமில்லை. கூட்டுறவுக் கடன் சங்கம், கூட்டுறவுப் பண்டகசாலை, அரிசி ஆலை, கூட்டுறவு வங்கி, கிராமப் புனரமைப்பு நிலையம் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக உருவாயின. 1932 டிசம்பரில் இரவீந்திரநாத் தாகூர் அங்கு சென்று பார்வையிட்டார். 1936இல் ஹாமில்டன் தம் பெயரில் ஒரு ரூபாய்த் தாளையும் வெளியிட்டார். அத்தாளைக் கூட்டுறவுப் பண்டகசாலையில் கொடுத்து அரிசி, துணி, எண்ணெய் முதலியவற்றைப் பெற்றுக்கொள்ளலாம் என்பதே அதன் உறுதிமொழி. அமிதாவ் கோஷின் ‘தி ஹங்ரி டைட்’ நாவல் 2004இல் வெளிவந்தபின் இந்த வரலாறு பரவலான வாசகர்களை எட்டியது.

அந்த ரூபாய்த் தாள் வெறும் விந்தைப் பொருளாகவே பெரிதும் பேசப்படுகிறது. அதன் பொருளாதார நுட்பம் எளியது: தீவின் உழைப்புக்குத் தரப்படும் தாளுக்குத் தீவின் கடையே பிணை. உழைத்தவர் தாளோடு கேனிங்குக்குப் போக வேண்டியதில்லை. உழைப்பும் ஊதியமும் நுகர்வும் ஒரே தீவுக்குள் சுழலும்படி கடை நடுவில் வைக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டின் குறையும் அதே அளவு வெளிப்படையானது. நிலம் ஹாமில்டனுடையது, தாளில் இருந்த பெயர் அவருடையது, சங்கத்தின் ஒழுங்குமுறைகளை வகுத்தவரும் அவரே. 1939இல் அவர் மறைந்தபின் திட்டம் நலிந்தது. கடையைத் தீவின் நடுவில் வைத்தது அவர் கண்ட நுட்பம். பேரேட்டைத் தம் வசமே வைத்துக்கொண்டது அவர் விட்ட பிழை.

பேரேடு கரைக்கு வெளியே போனால் நேர்வதைத் தமிழர் அறியாதவர் அல்லர். வங்காளத்து மணமகளின் கையில் ஏறும் சாங்கா வளையலுக்குரிய சங்கு, மன்னார் வளைகுடாவில் நெடுங்காலமாகக் குளித்தெடுக்கப்பட்டது. தூத்துக்குடி, கீழக்கரை, இராமேசுவரத் தீவு ஆகியவற்றின் கடற்பரப்பிலிருந்து எடுத்த சங்கு, டாக்காவின் சாங்காரி பஜாருக்கும் வங்காளத்தின் பிற பட்டறைகளுக்கும் சென்று வளையலாயிற்று. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1914இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வணிகத்தை விரிவாகப் பதிவு செய்துள்ளார். சங்கறுக்கும் தொழில் தமிழ்நாட்டுக்கு அந்நியமானதும் அன்று. கொற்கையில் அறுபட்ட சங்குத் துண்டுகள் கிடைத்துள்ளன. ஆயினும் பிற்காலத்தில் மூச்சடக்கிக் குளித்தவருக்குக் கிடைத்தது மூலப்பொருளின் விலை. கைவினையின் விலை வேறு கரையில் எழுதப்பட்டது. இராமேசுவரத்தில் இன்று சிப்பிப் பொருள் விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. கடைகளின் எண்ணிக்கை மட்டுமே மூலப்பொருள் விலைக்கும் கைவினை விலைக்கும் இடையிலான இந்தத் தொலைவைக் குறைத்துவிடாது.

சுந்தரவனத் தேனுக்கு 2024 சனவரியில் புவிசார் குறியீடு கிடைத்ததையும் இதே நோக்கில் காண வேண்டும். குறியீடு பெயரைக் காக்கும். காட்டுக்குள் உயிரைப் பணயம் வைத்துத் தேனெடுக்கும் மௌலிகளுக்கு எந்த விலை, எந்த நாளில் கிடைக்கும் என்பதை அது தானாகத் தீர்மானிப்பதில்லை. அதற்குக் கொள்முதல் செய்யும் கடை வேண்டும்.

அத்தகைய கடை இயலாத கனவு என்று சொல்வோர், கனடாவின் வடமுனைப் பகுதியிலுள்ள டார்செட் தீவை நோக்கலாம். கிங்கைட் என்னும் அச்சிற்றூரில் இன்யூயிட் மக்களின் வெஸ்ட் பாஃபின் கூட்டுறவுச் சங்கம் 1959இல் பதிவு பெற்றது. கல் சிற்பங்களும் அச்சுப்படங்களும் உலகக் கலைக்கூடங்களை எட்டியது அச்சங்கத்தின் வழியாகவே. அதே சங்கம் ஊர் மக்களுக்கு மளிகைப் பொருள் விற்கும் கடையையும் நடத்துகிறது. 1978இல் டொராண்டோ நகரில் டார்செட் ஃபைன் ஆர்ட்ஸ் என்னும் விற்பனைப் பிரிவையும் அது தொடங்கியது. இங்குக் கவனிக்கத்தக்கது திசை. நகரத்தின் நிறுவனம் தீவில் கிளை திறக்கவில்லை. தீவின் சங்கம் நகரத்தில் கிளை திறந்தது.

இம்மூன்று அனுபவங்களையும் சேர்த்துப் பார்த்தால், கோசாபா போன்ற ஒரு தீவில் திறக்கத்தக்க கடையின் வடிவம் தெளிவாகிறது. முதலாவதாக, அது படகுத்துறையைவிட ஊர்ச்சந்தைக்கு அருகில் இருக்க வேண்டும். ஊசி, நூல், சோப்பு, குறிப்பேடு, விளக்கு என ஊர் அன்றாடம் வாங்கும் பொருள்களையும் விற்க வேண்டும். பயணி வராத மாதங்களில் கடையின் கதவைத் திறந்து வைப்பது இவ்வணிகமே. இரண்டாவதாக, பொருளைப் பெற்ற அன்றே பணம் தர வேண்டும். அதற்குரிய சுழல்நிதியே எந்த உதவித் திட்டத்தின் முதல் செலவாகவும் அமைய வேண்டும். மூன்றாவதாக, உறுப்பினர் பங்கும் பேரேடும் செய்பவர்களிடம் இருக்க வேண்டும். கணக்கு வங்க மொழியில், எவரும் வந்து பார்க்கத்தக்கதாக எழுதப்பட வேண்டும். நான்காவதாக, லேக் மார்க்கெட் போன்ற நகரப் பகுதியில் சங்கத்துக்குச் சொந்தமான ஒரு சிறு விற்பனைமுனை வேண்டும். அங்கு விற்கப்படுவன நினைவுப் பொருள்களாக மட்டும் இல்லாமல், இல்லங்கள் மீண்டும் மீண்டும் வாங்குவனவாக அமைதல் நலம்: பூசைக்கூடை, பாய், காந்தா தையலிட்ட விரிப்பு, தேன். கொலுவும் நவராத்திரியும் நடக்கும் தமிழர் இல்லங்களும் துர்க்கா பூசை நடக்கும் வங்காளியர் இல்லங்களும் ஒரே தெருவில் இருக்கும் பகுதி அது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும்; இரண்டுமே வலுவானவை. மளிகையையும் கைவினையையும் ஒரே கடை கையாண்டால், கைவினைக் கூலி மளிகைக் கடனில் கழிந்து, பழைய வட்டிக்கடையே புதிய பெயரில் திரும்பலாம். தோட்டத் தொழிலாளரின் வரலாறு அறிந்தோர் இவ்வச்சத்தை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். ஆகவே இரு கணக்குகளும் தனித்தனியே இருக்க வேண்டும். கூலியிலிருந்து கடனைப் பிடிக்கும் உரிமை கடைக்கு இருக்கலாகாது. இந்த ஒரு விதி மீறப்பட்டால் மற்ற நன்மைகள் அனைத்தும் பொருளற்றுப்போகும்.

இரண்டாம் மறுப்பு சூழலியல் சார்ந்தது. 2020இல் அம்பன், 2021இல் யாஸ் என அடுத்தடுத்துப் புயல் தாக்கும் தீவில் முதலீடு செய்வது மக்களை ஆபத்தில் கட்டிப்போடுவது ஆகாதா? கட்டடத்தில் முதலீடு செய்தால் ஆகும். ஆனால் கைத்திறன், உறுப்பினர் பதிவேடு, நகரத்துச் சரக்கிருப்பு, வாடிக்கையாளர் உறவு ஆகியவை அணை உடைந்தாலும் மூழ்காத முதல்கள். ஒரு குடும்பம் நாளை தீவை விட்டு வெளியேற நேர்ந்தாலும், வெறுங்கையோடு வெளியேறுவதற்கும் சங்கப் பங்கோடு வெளியேறுவதற்கும் வேறுபாடு உண்டு.

இவ்விடத்தில் ஆய்வுலகத்துக்கும் ஒரு கடமை உண்டு. சுந்தரவனத்துப் பெண்களிடம் வினாப்பட்டியல் நிரப்பச் செல்லும் மாணவர்கள், அவர்களின் வருமானம் எவ்வளவு என்று கேட்கின்றனர். கடைசியாக விற்ற பொருளுக்கு எத்தனை நாள் கழித்துப் பணம் வந்தது, அதன் விலையைச் சொன்னவர் யார் என்றும் கேட்க வேண்டும். இவ்விரு வினாக்களுக்கும் கிடைக்கும் விடைகள், இறுதி இயலின் பரிந்துரையை மாற்றி எழுதச் செய்யும். சந்தை வாய்ப்பு உருவாக்கப்பட வேண்டும் என்னும் செயப்பாட்டு வாக்கியத்தில் எழுவாய் மறைந்துகிடக்கிறது. அந்த எழுவாய் தீவின் பெண்கள் சங்கம் என்று பெயர் சொல்லி எழுதப்படும் ஆய்வேடே, கடை திறக்க விரும்புவோருக்குப் பயன்படும்.